கோஸுமெல் தீவில் சாப்பாடு தேடியது

சமுத்திரக் கரையில் இருக்கும் ஊருக்குப் போனால் சமுத்திரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் சாப்பாடு தேட வேண்டும் என்று யாராவது பெரியவர்கள் நமக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கையில் ஆயிரத்துச் சொச்சம் பெசோ மிஞ்சியிருக்கும். பெசோவைக் காட்டிலும் விலை உயர்ந்த வேறொன்றும் மிஞ்சியிருக்கும். அது இன்னதென்பதைப் பின்னால் சொல்லுகிறோம்.

கோஸுமெல் என்பது மெக்ஸிகோ தேசத்தின் கிழக்குக் கோடியில், யுகத்தான் தீபகற்பத்துக்கு எதிரே, கரீபியக் கடலில் கிடக்கும் ஒரு தீவு. நீளம் சுமார் 48 கிலோமீட்டர், அகலம் 16. உள்ளே பெரும்பாகமும் குட்டைக் காடு. ஊர் என்று சொல்ல ஒன்றே ஒன்று, மேற்குக் கரையில் ஸான் மிகேல். 2020-ம் வருஷத்து ஜனக் கணக்கின்படி தீவில் 88,000 பேருக்கு மேல் வசிக்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த ஒரே ஊரில்தான். எதிர்க்கரையிலுள்ள பிளாயா தெல் கார்மென் என்னும் ஊரிலிருந்து படகில் வந்தால் முக்கால் மணிப் பிரயாணம். ஆகாய விமானமும் இறங்குகிறது. நாம் விமானத்தில் போய் இறங்கினோம்.

நாமாகப் போகவில்லை. நம் குமாரன் அமெரிக்காவில் ஹூஸ்டன் பட்டணத்தில் உத்தியோகம் பார்க்கிறான். அவனுக்குக் கடலுக்கு அடியில் முழுகிப் பவழப் பாறைகளைப் பார்ப்பதில் ஒரு பைத்தியம். கோஸுமெலின் பவழத் திட்டுகள் உலகத்தில் இரண்டாவது பெரிதென்று சொல்லப்படும் பவழ வரிசையைச் சேர்ந்தவை. 1996-ம் வருஷத்தில் அவற்றைத் தேசியப் பூங்காவாக அமைத்துப் பாதுகாத்து வருகிறார்கள். சென்ற வருஷம் மே மாதம் நாமும் நம் மனைவியும் அவனைப் பார்க்கப் போயிருந்தபோது, "ஒரு வாரம் அங்கே போய்விட்டு வரலாம், அப்பா" என்று அழைத்துக்கொண்டு போனான். அவன் காலை எட்டு மணிக்குப் படகேறினால் பிற்பகல் இரண்டு மணிக்குப் பகாசுரனைப் போன்ற பசியுடன் திரும்புவான். "அதற்குள் நீங்களும் அம்மாவும் நல்ல சாப்பாட்டுக் கடையாக ஒன்று பார்த்து வையுங்கள்" என்பது உத்தரவு. ஆயுள் முழுவதும் காரியாலயத்தில் உழைத்து ஓய்வு பெற்ற நமக்கு இப்படி ஒரு புது உத்தியோகம் கிடைத்தது.

இந்த உத்தியோகம் சுலபமென்று நினைத்துவிடக் கூடாது. ஸான் மிகேலின் கடற்கரையில் மெல்கார் வீதி என்று ஒரு நீண்ட வீதி இருக்கிறது. ஊரையொட்டி மூன்று கப்பல் துறைகள். உலகத்திலேயே அதிகமான உல்லாசக் கப்பல்கள் வந்து போகும் துறைமுகங்களில் இந்தத் தீவும் ஒன்று. ஒரு பெரிய கப்பலில் ஐயாயிரம் பேர் இருப்பார்கள். சில நாட்களில் நாலைந்து கப்பல்கள் ஒரே சமயத்தில் வந்து நிற்கும். காலையில் அத்தனை பேரும் இறங்குகிறார்கள். மாலையில் சங்கு ஊதியதும் அத்தனை பேரும் ஏறிவிடுகிறார்கள். நடுவில் உள்ள ஐந்தாறு மணி நேரத்துக்குள் அவர்களுக்கு வைரம், வெள்ளி, தொப்பி, சாராயம், சாப்பாடு எல்லாம் விற்றாக வேண்டும். மெல்கார் வீதியின் கடைக்காரர்கள் வாசலிலேயே நின்று, "அமீகோ! அமீகோ!" என்று சிநேகம் கொண்டாடுகிறார்கள். மறுநாள் வராத மனிதனுக்குச் சமைக்கும் கடையில் சமையல் எப்படி இருக்கும்? சமையற்காரனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ருசியாகச் செய்தாலும் அவன் நாளை வரப் போவதில்லை. மோசமாகச் செய்தாலும் வந்து சண்டை போடப் போவதில்லை.

முதல் நாள் இரவு நாம் விழுந்தது இப்படிப்பட்ட ஒரு கடையில்தான். பெயர் வேண்டாம். விலைப் பட்டியலில் டாலர் கணக்குப் போட்டிருந்தது. பரிசாரகன் வெகு மரியாதையாக, "இன்று காலையில் பிடித்த சிங்க இறால்" என்று ஒரு தட்டைக் கொண்டுவந்து காட்டினான். குமாரனும் நாமும் ஏமாந்தோம். மெக்ஸிகோவின் இந்தக் கடற்பகுதியில் மார்ச்சு 1 முதல் ஜூன் 30 வரையில் சிங்க இறால் பிடிக்கக் கூடாது என்று சட்டம். நாம் போனதோ மே மாதம்! ஒன்று அது காலையில் பிடிபட்டதாயிருக்க முடியாது. அல்லது சட்டப்படி பிடிபட்டதாயிருக்க முடியாது. இந்த விஷயம் படகுக்காரர்கள் சொல்லி மறுநாள்தான் குமாரனுக்குத் தெரிந்தது. பில் ஆயிரத்து எண்ணூறு பெசோ. பெசோவாகக் கொடுத்தால் ஒரு கணக்கு, டாலராகக் கொடுத்தால் வேறொரு கணக்கு. இரண்டிலும் நஷ்டம் நமக்குத்தான்.

அந்தப் படகுக்காரர்களைத்தான் குமாரன் பிறகு பிடித்துக்கொண்டான். "நல்ல கடை எது?" என்று கேட்டால் யாரும் அயலானுக்கு ஏற்றதென்று தாங்கள் நினைக்கும் கடையைத்தான் சொல்லுவார்கள். "நேற்று நீ எங்கே சாப்பிட்டாய்?" என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்விக்கு வந்த பதில்கள் எல்லாம் ஒரே திசையைக் காட்டின: கடற்கரையிலிருந்து உள்ளே.

ஸான் மிகேலில் வழி தவறுவது கஷ்டம். கடற்கரைக்கு இணையாக ஓடும் வீதிகளுக்கு 5, 10, 15, 20 என்று ஐந்தைந்தாக எண். குறுக்குத் தெருக்களில் ஊர் நடுவிலுள்ள ஹுவாரெஸ் வீதிக்கு வடக்கே இரட்டைப்படை, தெற்கே ஒற்றைப்படை. ஆகவே எத்தனையாவது எண்ணில் நிற்கிறோமோ அதைக் கொண்டு கடலிலிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று சொல்லிவிடலாம். நம்முடைய சொந்த ஆராய்ச்சியில் கண்டது: 5-ம் எண் வீதியில் இங்கிலீஷ் பேசுகிறார்கள், 10-ல் இங்கிலீஷ் புரிகிறது, 20-ல் புன்சிரிப்புத்தான். விலையும் அதே வரிசையில் இறங்குகிறது. 30-ம் எண் வீதிக்குப் போய்விட்டால் நாய்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், மோட்டார் சைக்கிளில் நான்கு பேராகப் போகும் குடும்பங்கள், தோர்த்தியா சுடும் கடைகள். நமக்கு ஊரை விட்டு வந்த எண்ணமே போய்விட்டது.

தோர்த்தியா என்றால் மக்காச்சோள ரொட்டி. கடைகளில் கிலோக் கணக்கில் நிறுத்துச் சூடாகக் காகிதத்தில் சுற்றிக் கொடுக்கிறார்கள். சோளத்தை அப்படியே அரைப்பதில்லை. சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்து, தோலைக் கழுவிப் பிறகு அரைக்கிறார்கள். ஆயிரக்கணக்கான வருஷங்களாக மெக்ஸிகோவின் பழங்குடிகள் கண்டுபிடித்து வைத்திருக்கும் பக்குவம் இது. சுண்ணாம்பு பட்டால்தான் சோளத்தில் அடங்கியிருக்கும் ஒரு முக்கியமான ஜீவசத்து உடலில் சேரும். ஐரோப்பியர்கள் சோளத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். சுண்ணாம்பை விட்டுவிட்டுப் போனார்கள். அதன் பலனாக, சோளத்தையே நம்பிய ஏழைகள் இத்தாலி முதலிய தேசங்களில் பெல்லாக்ரா என்ற கொடிய வியாதியால் இரு நூற்றாண்டுகள் வருந்தினார்கள். "பொருளை மட்டும் வாங்கினால் போதுமா, கைப்பக்குவத்தையும் கேட்டு வாங்க வேண்டாமா?" என்றாள் நம் மனைவி. அன்று அந்த வாக்கியம் வெள்ளைக்காரனைப் பற்றியது என்று நினைத்து நாம் தலையை ஆட்டினோம்.

சாப்பாட்டு வேளையும் வேறு. மெக்ஸிகோவில் பெரிய சாப்பாடு மத்தியானம் இரண்டுக்கும் நாலுக்கும் இடையில். உள் வீதிகளில் வீட்டு முன் அறையிலேயே நாலைந்து மேஜைகளைப் போட்டு நடத்தும் கடைகள் உண்டு. "கோஸீனா எகொனோமிகா", அதாவது சிக்கனச் சமையல் என்று எழுதியிருக்கும். சாக்கட்டியால் பலகையில் அன்றைய பதார்த்தங்கள் மூன்றோ நான்கோதான் எழுதியிருப்பார்கள். ஒரு சூப், ஒரு பதார்த்தம், தோர்த்தியா, ஒரு பெரிய கோப்பை பழ ரசம்: எல்லாம் சேர்த்து 120 பெசோ. முடிந்து போனால் பலகையில் அழித்துவிடுவார்கள். அழித்த கோடுகள் அதிகமுள்ள பலகையைத் தேடிப் போக வேண்டும் என்பது நாம் கண்ட இரண்டாவது சூத்திரம். உள்ளே வருகிறவரும் எழுந்து போகிறவரும் முன்பின் தெரியாத நம்மைப் பார்த்து, "ப்ரொவேச்சோ" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். சாப்பாடு உடம்பில் ஒட்டட்டும் என்று அர்த்தமாம். பில்லை நாமாகக் கேட்கும் வரையில் கொண்டுவர மாட்டார்கள். கொண்டுவந்தால், "எழுந்து போ" என்று சொன்னதாகும்! முதல் நாள் இது தெரியாமல் அரை மணி நேரம் காத்திருந்து கோபித்துக்கொண்டோம்.

பதார்த்தங்களைப் பற்றிக் குமாரன்தான் எழுத வேண்டும். 'கொச்சினீத்தா பிபில்' என்று ஒன்று. பன்றி மாமிசத்தை அச்சியோதே என்ற சிவப்பு விதை அரைத்த விழுதிலும் புளிப்பு ஆரஞ்சுச் சாற்றிலும் ஊறவைத்து, வாழையிலையில் பொதிந்து, பூமியில் குழி வெட்டிச் சூட்டில் புதைத்து வேகவைப்பது. இது காலை ஆகாரம்; பதினொரு மணிக்குப் போனால் சட்டி காலியாயிருக்கும். அதே விழுதைப் பூசி வாழையிலையில் வைத்துச் சுடும் மீனுக்கு 'டிகின் ஷிக்' என்று மாயா பாஷையில் பெயர். நாம் மீன் புசிக்கிறவர். இலையைப் பிரித்ததும் வந்த வாசனையைப் பற்றி எழுத இந்தப் பத்திரிகையில் இடம் போதாது. ஆபனேரோ என்று ஒரு மிளகாய் இருக்கிறது. பார்ப்பதற்குச் சிறு விளக்கு மாதிரி அழகாயிருக்கும். அதை நறுக்கிப் போட்ட சட்னிக்கு மாயா பாஷையில் 'ஷ்னிபெக்', அதாவது 'நாயின் மூக்கு'. தின்றவன் மூக்கு நாய் மூக்கைப் போல் ஈரமாகிவிடும் என்பதால் அந்தப் பெயர். ஆந்திரத்து ஆவக்காயைச் சிரித்துக்கொண்டே சாப்பிட்ட நாம் அங்கே அழுதோம்.

மனைவியின் விஷயம் வேறு. நம் வீட்டில் நாமும் குமாரனும் மீனும் மாமிசமும் சாப்பிடுகிறவர்கள். அவள் இருபது வருஷமாகத் தொடுவதில்லை. அவளுடைய தாயார் காலமான வருஷம், காரியங்கள் முடிந்த அன்று, "இனிமேல் எனக்கு வேண்டாம்" என்றாள். காரணம் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. நமக்கு அதே அடுப்பில் மீன் குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டுத் தான் ரஸம் சாதம் சாப்பிட்டு எழுந்துவிடுவாள். இருபது வருஷத்தில் ஒரு நாள் தவறியதில்லை.

இந்தத் தீவில் அவளுக்குச் சாப்பாடு தேடுவதே நம் உத்தியோகத்தின் கஷ்டமான பாகம். கையில் ஒரு சிறு ஸ்பானிஷ் அகராதி வைத்திருந்தோம். 'ஸின் கார்னே', மாமிசமில்லாமல், என்ற இரண்டு வார்த்தைகளைக் கற்றுக்கொண்டு அவற்றை வைத்தே தேசத்தை ஜயித்துவிடலாம் என்று எண்ணினோம். முதல் நாள் 'ஸின் கார்னே' என்று கேட்டு வந்த எலுமிச்சை சூப்பில் கோழி மிதந்தது. கார்னே என்றால் அங்கே பெரும்பாலும் மாட்டு மாமிசம். கோழி கோழிதான், கார்னே ஆகாது! சிவப்புச் சாதம் கேட்டோம். அதையும் பல இடங்களில் கோழிச் சாற்றில் வேகவைக்கிறார்கள். கடைசியில் நம் விடுதிக்கு அடுத்த தெருவில் சுத்தமான ஒரு சிறு கடையில் 'பிரிஹோல்' கிடைத்தது. நம் காராமணிக்குத் தங்கை முறையாகும் கறுப்புப் பயறு. வேகவைத்து, மசித்து, வறுத்து, பளபளவென்று தட்டில் வைத்தார்கள். "ஸின் கார்னே?" என்று பரிசாரகனைக் கேட்டோம். "ஸி, ஸி, ஸின் கார்னே" என்றான்.

"விசாரித்துவிட்டீர்களா?" என்றாள் மனைவி.

"வெறும் பயறு. இதில் விசாரிக்க என்ன இருக்கிறது? தைரியமாகச் சாப்பிடு" என்றோம்.

அவள் சாப்பிட்டாள். நன்றாயிருக்கிறது என்றாள். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் இரண்டு வேளையும் அதே கடை, அதே பயறு. ஒரு பெரிய பிரச்னையைத் தீர்த்துவிட்ட கர்வத்துடன் நாம் டிகின் ஷிக்கில் மனத்தைச் செலுத்தினோம்.

சனிக்கிழமை காலை நகரசபை மார்க்கெட்டுக்குப் போனோம். ரோஸாதோ ஸலாஸ் தெருவில், 20-ம் 25-ம் எண் வீதிகளுக்கு நடுவில் இருக்கிறது. மார்க்கெட்டுக்குள் நுழைந்ததும் நம் மனைவியின் முகம் மலர்ந்தது. மூட்டை மூட்டையாகச் சௌசௌ! "நம் ஊர்க் காய் இங்கே எப்படி வந்தது?" என்றாள். கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். சௌசௌவுக்கு ஜன்ம பூமி மெக்ஸிகோவும் அதையடுத்த நாடுகளும்தான். 'சாயோத்தே' என்பது அதன் அசல் பெயர். கொய்யா, பப்பாளி, தக்காளி, மிளகாய் எல்லாமே இந்தக் கண்டத்திலிருந்து நமக்கு வந்தவை. பதிலுக்கு வாழையும் புளியும் நம் பக்கத்திலிருந்து அங்கே போயிருக்கின்றன. புளிக்கு அங்கேயும் 'தமரிந்தோ' என்றே பெயர், இந்தியப் பேரீச்சை என்ற அரபிச் சொல்லின் சிதைவு. காய்கறிகள் எவ்வளவோ சுலபமாய்த் தேசம் விட்டுத் தேசம் போய்க் குடித்தனம் நடத்துகின்றன என்று இதைப் பற்றி நாம் ஒரு பிரசங்கம் செய்துகொண்டே மார்க்கெட்டின் உட்புறத்திலுள்ள சாப்பாட்டுக் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அங்கே ஒரு மூலையில் ஓர் அம்மாள். வயது அறுபதிருக்கும். வெள்ளைச் சட்டையில் கழுத்தைச் சுற்றிப் பூ வேலை. ஆறேழு நாற்காலிகள், மூன்று பானைகள், ஒரு இரும்புக்கல். தன் உதவிக்கு நின்ற பெண்ணுடன் மாயா பாஷையிலும் மற்றவர்களுடன் ஸ்பானிஷிலும் பேசினாள். நாம் மீன் கேட்டுவிட்டு, மனைவியைக் காட்டிப் பழக்கமான தோரணையில், "பிரிஹோல். ஸின் கார்னே" என்றோம்.

"ஸி, ஸின் கார்னே" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் கரண்டியை எடுத்தாள். எடுத்தவள் நிறுத்தினாள். சற்றுமுன் கசாப்புக் கடைகளின் வரிசையைத் தாண்டும்போது நம் மனைவி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதை அவள் தன் இடத்திலிருந்து பார்த்திருக்க வேண்டும். மனைவியை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கீழே குனிந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தாள். வெண்ணெய் மாதிரி வெள்ளையாய் ஏதோ இருந்தது. பயற்றுச் சட்டியைக் காட்டினாள், டப்பாவைக் காட்டினாள். "மாந்தேகா" என்றாள். நாம் விழித்ததைக் கண்டு, "மாந்தேகா தெ கொச்சீனோ" என்று கசாப்புக் கடையின் பக்கம் கையை நீட்டினாள். பிறகு சுட்டு விரலை இப்படியும் அப்படியும் மனைவியின் முகத்துக்கு நேரே ஆட்டினாள். வேண்டாம், உனக்கு வேண்டாம்.

அகராதியைப் புரட்ட வேண்டிய அவசியமே இல்லை. கொச்சீனோ என்ற வார்த்தை நமக்குக் குமாரனின் காலை ஆகாரத்தினால் நன்றாகப் பழக்கமாகியிருந்தது. பன்றிக் கொழுப்பு.

"என்ன சொல்லுகிறாள்?" என்றாள் மனைவி.

ஒரு நிமிஷம் பேசாமல் நின்றோம். 'பயறு தீர்ந்துவிட்டதாம்' என்று சொல்லிவிடலாமே என்ற எண்ணம் வந்தது உண்மை. அவளுக்கு ஒன்றும் தெரியப் போவதில்லை, மனம் நோகாது, விரதமும் அவளளவில் கெடாது. நம் கௌரவமும் கெடாது. கடைசிக் காரணம் முதலில் தோன்றியது என்பதையும் ஒப்புக்கொள்ளுகிறோம். எதிரே அந்த அம்மாள் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு சாப்பாட்டுக்கு 120 பெசோ வருமானத்தை விட்டுக்கொடுத்து, பாஷை தெரியாத ஒருத்திக்காக இவ்வளவு அபிநயம் பிடித்தவள் எதிரே நின்றுகொண்டு பொய் சொல்ல நா எழவில்லை. சொல்லிவிட்டோம். விடுதிப் பக்கத்துக் கடைப் பயற்றிலும் இதுதான் இருந்திருக்கும் என்பதையும் சொன்னோம்.

அவள் அழவில்லை, கோபிக்கவுமில்லை. "சரி, நீங்கள் சாப்பிடுங்கள்" என்று நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். அன்று சாப்பிட்ட மீன் எப்படி இருந்ததென்று நமக்கு ஞாபகமில்லை.

இரவு விடுதியில் படுக்கப் போகும்போதுதான் பேசினாள். "எனக்குத் தெரியாது, தெரியாமல் சாப்பிட்டேன். அது தோஷமில்லை என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்கும் தெரியாது. ஆனால் தெரிந்த மாதிரி சொன்னீர்களே, அதுதான்."

பன்றி இந்தத் தீவுக்கு எப்போது வந்தது என்று யோசித்துக்கொண்டே தூக்கமில்லாமல் கிடந்தோம். மாயா ஜனங்களிடம் வீட்டுப் பன்றி கிடையாது. காட்டில் வேறொரு பன்றி இனம் உண்டு, வளர்ப்பது வான்கோழி. வீட்டுப் பன்றியும் அதன் கொழுப்பில் வறுக்கும் வழக்கமும் ஸ்பானியர்களுடன் வந்தவை. கிரிஹால்வா என்ற ஸ்பானியத் தளபதி 1518-ல் இந்தத் தீவில் இறங்கினான். மறு வருஷம் கோர்த்தேஸ் வந்தான். மெக்ஸிகோவை விழுங்கப் போனவன் முதலில் கால் வைத்தது கோஸுமெலில்தான். அங்கே அவனுக்கு ஒரு துபாஷியும் கிடைத்தான்: 1511-ல் கப்பல் உடைந்து கரை ஒதுங்கி, எட்டு வருஷம் மாயா ஜனங்களிடையே வாழ்ந்து பாஷை கற்ற அகிலார் என்ற ஸ்பானியன். ஒரு சாம்ராஜ்யத்தையே பிடிக்கப் போகிறவன் கூட விசாரித்துச் சொல்ல ஒரு துபாஷியைத் தேடிக்கொண்டான். நாமோ இரண்டு வார்த்தைகளை வைத்துக்கொண்டு சமாளிக்கப் பார்த்தோம்.

ஞாயிற்றுக்கிழமை அவள் உபவாசம். ஜலமும் 'ஹமைக்கா' என்ற சிவப்புப் பூக்களின் பானமும் மட்டும். அந்தப் பூ புளிச்சக்கீரை இனத்தைச் சேர்ந்தது. கெட்டிச் சிவப்பாய், புளிப்பாய், குளிர்ச்சியாய் இருக்கும். "இங்கே கோவில் ஒன்றும் கிடையாதா?" என்று கேட்டாள். மாதா கோவில் இருந்தது. அவள் கேட்டது அதுவல்ல என்று நமக்குத் தெரியும். தீவின் நடுவே காட்டுக்குள் ஸான் ஹெர்வாஸியோ என்னும் இடத்தில் இஷ்செல் என்ற மாயா தேவியின் க்ஷேத்திரம் இடிந்து கிடக்கிறது. பிரசவத்துக்கும் மருந்துக்கும் நெசவுக்கும் அவள் அதிதேவதை. ஒரு காலத்தில் பெருநிலத்திலிருந்து பெண்கள் மரத் தோணிகளில் கடல் தாண்டி அவளைத் தரிசிக்க வந்தார்களாம். மகன் அன்று முழுகப் போகாமல் எங்களை அங்கே அழைத்துக்கொண்டு போனான். தாழ்ந்த கல் மேடைகள். அவற்றின் மேல் வெயில் காயும் பெரிய பெரிய உடும்பு போன்ற ஓணான்கள். மனைவி ஒரு கல்லின் அருகே நெடுநேரம் நின்றாள். எந்தச் சுலோகம் சொன்னாள் என்று நாம் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் மார்க்கெட் அருகே இறங்கி நடந்தபோது அந்த அம்மாள் கடையைச் சாத்திக்கொண்டிருந்தாள். நம் மனைவியைக் கண்டதும் வேகமாய் வந்து வயிற்றைத் தடவிக் காட்டி ஏதோ கேட்டாள். நேற்று ஒன்றும் சாப்பிடாமல் எழுந்து போனது தன்னால்தானோ என்று அவளுக்குக் கவலை! குமாரனுக்குச் சுமாராய் ஸ்பானிஷ் வரும். தாயாரின் விரதத்தை, பாட்டி காலமான கதையிலிருந்து தொடங்கி, அவனுக்குத் தெரிந்த வார்த்தைகளில் சொன்னான். அந்த அம்மாள் கேட்டுக்கொண்டே நம் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாளை திங்கட்கிழமை. வரச் சொல்" என்றாள்.

திங்கட்கிழமைக்கு யுகத்தான் முழுவதும் ஒரு சம்பிரதாயம் உண்டு. வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை, அன்றைக்குப் 'பிரிஹோல் கொன் புவெர்க்கோ', பயறும் பன்றியும் சேர்த்து வேகவைத்த குழம்பு. மத்தியானம் ஒன்றரைக்கு மார்க்கெட்டுக்குப் போனபோது எல்லாப் பானைகளிலும் அதுதான் கொதித்துக்கொண்டிருந்தது. நமக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த அம்மாள் பெரிய பானைகளைத் தொடவில்லை. அடுப்பின் ஓரத்திலிருந்து ஒரு சிறு மண்சட்டியை இறக்கினாள். பயறு, உப்பு, 'எப்பஸோத்தே' என்ற ஒரு வாசனைக் கீரை, வேறொன்றுமில்லை. வறுக்கவில்லை, தாளிக்கவில்லை. பன்றி வருவதற்கு முன்பு அந்தத் தீவில் பயறு இப்படித்தான் வெந்திருக்கும். மூடியைத் திறந்து மனைவியை மூக்கால் முகரச் சொன்னாள். டப்பாவை எடுத்துத் தூரத்தில் வைத்திருப்பதைக் காட்டினாள். கரண்டி புதிது என்று காட்டினாள். கல்லில் தோர்த்தியாவைச் சுட்டாள். பக்கத்தில் 'ஸிகில் பாக்' வைத்தாள். பரங்கி விதையை வறுத்து, சுட்ட தக்காளியுடன் அரைத்தது. மாயா ஜனங்களின் பழைய பதார்த்தம். "அடடே, துவையல்!" என்றாள் மனைவி. இன்னொரு தட்டில் வேகவைத்த சௌசௌ.

ஒரு நாள் உபவாசத்துக்குப் பிறகு மனிதர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது மரியாதையல்ல. நாம் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதில் எல்லாவற்றையும் அழித்துவிட்டிருந்தது.

சாப்பிட்டு முடியும் சமயத்தில் மனைவி தன் பையிலிருந்து ஒரு சிறு சீசாவை எடுத்தாள். ஊரிலிருந்து ஹூஸ்டனுக்கு வந்து, ஹூஸ்டனிலிருந்து கோஸுமெலுக்கு வந்த உப்பு நாரத்தங்காய். ஒரு துண்டை எடுத்து அந்த அம்மாளின் உள்ளங்கையில் வைத்தாள். அவள் முகர்ந்தாள்; கடித்தாள்; கண்ணை மூடிக்கொண்டாள். திறந்ததும், "நரன்ஹா ஆக்ரியா!" என்று கூவினாள். கொச்சினீத்தாவில் பிழிகிறார்களே, அந்தப் புளிப்பு ஆரஞ்சு! உடனே பக்கத்துக் கடைப் பெண்களை எல்லாம் கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு துணுக்காகக் கிள்ளிக் கொடுத்தாள். ஐந்து நிமிஷத்தில் சீசா காலி. வெயிலில் காய வைப்பதையும் உப்பு அடுக்குவதையும் நம் மனைவி கையினால் காட்ட, அவர்கள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார்கள். துபாஷி ஒருவருக்கும் தேவைப்படவில்லை.

தலை ஈரத்துடன் குமாரன் வந்து சேர்ந்தான். "எனக்கு என்ன இருக்கிறது?" என்று கேட்டான். அந்த அம்மாள் வெறும் பானையைச் சாய்த்துக் காட்டிச் சிரித்தாள்.

நம்மிடம் 240 பெசோதான் வாங்கிக்கொண்டாள். அதிகம் கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்; சிப்பந்திப் பெண்ணுக்கு வைத்ததை மட்டும் தடுக்கவில்லை.

வெளியே வந்ததும் மனைவி, "நாளைக்கு விமானம் எத்தனை மணிக்கு?" என்றாள்.

"பன்னிரண்டுக்கு" என்றோம்.

"அப்படியானால் காலையில் ஒரு தடவை வந்துவிட்டுப் போகலாம். எத்தனை மணிக்குக் கடை திறப்பாள் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள்" என்றாள். நாம் இரண்டடி வைத்ததும் பின்னாலிருந்து கூப்பிட்டுச் சொன்னாள்: "புரியாவிட்டால், புரியவில்லை என்று வந்து சொல்லுங்கள்."